கணக்கும் தாய்மொழியும்

(தமிழ் மன்றமொன்றின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கணக்கு என்னும் சொல்லைச் சற்றே ஊன்றி நோக்குக. இற்றைநாளில் அச்சொல் வரவு செலவையும் எண்ணையும் மட்டுமே குறிப்பதாகப் பலரும் கருதுகின்றனர். பண்டைத் தமிழரோ நூலுக்கும் கணக்கு என்றே பெயரிட்டனர். கழகக் காலத்துப் பாட்டும் தொகையும் மேற்கணக்கு எனப்பெற்றன. திருக்குறளை உள்ளிட்ட பதினெட்டும் கீழ்க்கணக்கு எனப்பெற்றன. எழுத்தும் எண்ணும் ஒருங்கே கற்பித்த ஆசான் கணக்காயன் எனப்பெற்றான். பாட்டெழுதும் மொழி வேறு, பணத்தை எண்ணும் மொழி வேறு என்னும் பிரிவினை அன்று தமிழனுக்கு இருந்ததில்லை.

இன்று அப்பிரிவினை வந்துவிட்டது. மேடைக்குத் தமிழ், மணவிழாவுக்குத் தமிழ், தாலாட்டுக்குத் தமிழ். வைப்பகத்திற்கு ஆங்கிலமோ இந்தியோ என்றாகிவிட்டது. பணம் போடும் தாளில் தன் பெயரை அயல்மொழி எழுத்தில் எழுதத் தெரியாத உழவர், பக்கத்தில் நிற்பவரிடம் தாளையும் தூவலையும் நீட்டிக் கைகட்டி நிற்கின்றார். அவர் உழைத்த பணம், அவர் பெயரில் உள்ள பணம்; ஆயினும் அப்பணம் பேசும் மொழி அவர் மொழியன்று.

ஒரு மொழி வாழ்வதற்குப் பாட்டும் பள்ளியும் மட்டும் போதுமா? அம்மொழியினர் கையில் உள்ள காசு யார் சொற்கேட்டு நடக்கின்றது என்பதும் அம்மொழியின் வாழ்வைத் தீர்மானிக்குமா? இவ்வினாவுக்கு விடைதேடி வெகுதொலைவு செல்ல வேண்டியுள்ளது. வட அமெரிக்காவின் பனிநிலத்தில், கனடா நாட்டின் கெபெக்கு மாநிலத்தில், ஆங்கிலக் கடலால் சூழப்பெற்ற பிரெஞ்சு மொழியினர் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடை ஒரு பேழை. அந்தப் பேழையின் வரலாறே இன்றைய பொழிவின் பொருள்.

தோற்ற மக்களின் நிலை

கெபெக்கில் குடியேறி உழுது வாழ்ந்த பிரெஞ்சு மக்களின் நாட்டை ஆங்கிலேயர் 1759, 1760 ஆகிய ஆண்டுகளின் போரில் வென்றனர். 1763-ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை அந்நாட்டை முறைப்படி ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. அதன் பின்னர் ஆட்சியும் வணிகமும் ஆங்கிலேயரின் கைக்குப் போயின. ஏரும் கோயிலும் பிரெஞ்சுக்காரரிடம் நின்றன. 1839-ஆம் ஆண்டில் தர்காம் பெருமகன் எழுதிய அறிக்கை, வரலாறும் இலக்கியமும் அற்ற மக்கள் என்று அவர்களை இழித்துரைத்து, ஆங்கிலேயருடன் அவர்கள் கரைந்துவிடுவதே நன்று என்று அறிவுரையும் கூறியது.

மொந்திரியால் நகரின் பெரிய வைப்பகங்களும் ஆலைகளும் இருப்பூர்தி நிறுவனங்களும் ஆங்கிலம் பேசின. முதலாளி ஆங்கிலம், மேற்பார்வையாளன் ஆங்கிலம், கணக்கேடு ஆங்கிலம். மூட்டை சுமப்பவனும் பஞ்சு நூற்பவளும் மட்டுமே பிரெஞ்சு. நிலம் துண்டுபட்டுக் கடன் பெருகவே மக்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கினர். 1840 முதல் 1930 வரையிலான தொண்ணூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது இலக்கம் பிரெஞ்சு மக்கள் கெபெக்கினின்று அமெரிக்க ஒன்றிய நாட்டின் ஆலை நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்குப் போனவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் தாய்மொழியை இழந்தனர். வயிறு நாடு கடந்தால் நாவும் நாடு கடக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

உள்நாட்டில் இருந்தோர்க்கும் நல்வழியில்லை. எளியவர்க்குக் கடன் கொடுக்கப் பெரிய வைப்பகங்கள் முன்வரவில்லை. சிறுகாசை வாங்கிவைக்கவும் அவற்றுக்கு விருப்பமில்லை. பிரெஞ்சுக்காரரே நடத்திய வைப்பகங்களுள் ஒன்று 1895-ஆம் ஆண்டிலும், மற்றொன்று 1899-ஆம் ஆண்டிலும் முறிந்து விழுந்தன. எஞ்சிய வாயில் வட்டிக்கடைக்காரன் ஒருவனே. 1897-ஆம் ஆண்டு ஏப்பிரல் 6-ஆம் நாள் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் மொந்திரியால் உறுப்பினர் ஒருவர் எழுந்து, 150 தாலர் கடன் வாங்கிய ஒருவர்மீது வட்டியாக மட்டும் 5,000 தாலர் சுமத்தப்பட்ட கொடுமையை எடுத்துரைத்தார். கந்துவட்டியால் குடிகெட்ட குடும்பங்களைக் கண்டறிந்த தமிழர்க்கு இக்கணக்கு வியப்பளிக்காது.

அவையில் இருந்தோர் கேட்டனர், கலைந்தனர். ஒருவர் மட்டும் அதனை மறக்கவில்லை.

சுருக்கெழுத்தாளர் ஒருவர்

அவர் பெயர் அல்போன்சு தெசார்தான். 1854-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், தூய இலாரன்சு ஆற்றங்கரையில், கெபெக்கு நகருக்கு எதிர்க்கரையிலுள்ள இலேவி என்னும் ஊரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். செய்தித்தாள் எழுத்தாளராக இருந்தவர். 1892-ஆம் ஆண்டு முதல் ஒட்டாவா மக்களவையில் பிரெஞ்சுப் பேச்சுகளைப் பதிவுசெய்யும் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றியவர். பிறர் பேசப் பேச எழுதிக்கொண்டிருப்பதே அவர் தொழில். ஒரு தாய்மொழிக்கு நாடாளுமன்ற ஏட்டில் இடம் காப்பதும் ஒருவகைத் தொண்டே. ஆயினும் மன்றத்தின் ஏட்டில் மட்டும் தன் மொழி இருந்து, வாழ்வின் ஏட்டில் இல்லாமற்போனால் பயனென்ன என்று அவர் எண்ணினார் போலும்.

நாடாளுமன்ற நூலகத்தில் என்றி உல்பு என்பார் மக்கள் வைப்பகங்கள் குறித்து எழுதிய நூல் அவர் கைக்குக் கிட்டியது. அதனைக் கற்றவர் உல்புக்கு மடல் எழுதினார். இத்தாலியம், பிரான்சு முதலிய நாடுகளிற் கூட்டுறவு வைப்பகங்களை நடத்தியவர்களுக்கும் எழுதினார். விடைகள் வந்தன, சட்டதிட்டங்கள் வந்தன, ஆண்டறிக்கைகள் வந்தன. ஏறத்தாழ மூன்றாண்டுக்காலம் மடல்வழியே கற்றார்.

அவர் கற்றவற்றுள் தலையாயது செருமானியர் பிரெடரிக்கு வில்லெம் இரைபைசனின் முறை. 1846, 1847 ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில் சிற்றூர்த் தலைவராய் இருந்த இரைபைசன், முதலிற் செல்வரிடம் பணம் திரட்டி ஏழைகட்கு உணவு வழங்கினார். ஈகை நெடுநாள் நில்லாது, பெறுபவனைத் தாழ்த்தும், கொடுப்பவன் சலித்தால் நின்றுபோகும் என்பதைப் பட்டறிந்தார். ஆகவே 1864-ஆம் ஆண்டில், கடன் வேண்டுவோரே உறுப்பினராய்ச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் கழகத்தை ஏடெசுதோர்பு என்னும் ஊரில் அமைத்தார். இரத்தலினின்று ஒப்புரவுக்கு ஏறிய படி அது. ஈகைக்கு ஓரதிகாரமும் ஒப்புரவறிதலுக்குத் தனியே ஓரதிகாரமும் வகுத்த வள்ளுவர் வழியினர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டா.

பத்துக் காசு

1900-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள் மாலை, இலேவி ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். கைவினைஞர், கடைக்காரர், கூலித்தொழிலாளர், ஊர்க் குருமார் ஆகியோர் கலந்திருந்தனர். அங்கு ஒரு கழகம் தோன்றியது. அதற்குப் பிரெஞ்சு மொழியில் அவர்கள் இட்ட பெயரைத் தமிழிற் பெயர்த்தால் 'மக்கள் பேழை' எனலாம். வைப்பகம் என்னும் பெருஞ்சொல்லை அவர்கள் நாடவில்லை. வீட்டில் அரிசிப்பானைக்குப் பின்னால் இருக்கும் காசுப்பெட்டியை நினைவூட்டும் எளிய சொல்லே அவர்கட்குப் போதுமானதாயிற்று.

1901-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் பேழை திறக்கப்பட்டது. முதற்கண் இடப்பெற்றது பத்துக் காசு; அஃதாவது ஒரு தாலரில் பத்திலொரு கூறு. அன்று சேர்ந்த மொத்தத்தொகை 26 தாலர் 40 காசு. ஆங்கில வைப்பகத்தின் வாயிற்காவலனும் அத்தொகையைக் கண்டு நகைத்திருப்பான். சிறுதுளி பெருவெள்ளம் என்று தமிழன் சொல்லிக்கொண்டே இருந்தான். இலேவி ஊரார் துளியை ஏந்துவதற்கு ஒரு பேழையும் செய்தனர். வேறுபாடு அவ்வளவே.

அப்பேழை யாங்ஙனம் இயங்கிற்று என்பதை அறிதல் வேண்டும். மந்திரமாயம் ஒன்றுமில்லை, நான்கு விதிகளே உள்ளன.

முதலாவது, எல்லை. கத்தோலிக்கக் கோயிலொன்றைச் சூழ்ந்த ஊர்வட்டமே ஒரு கழகத்தின் எல்லை. அவ்வட்டத்தைத் தமிழ்க் கிறித்தவர் 'பங்கு' என வழங்குவர். கழகத்தில் உறுப்பினர் இடும் முதலின் கூறுக்கும் தமிழில் 'பங்கு' என்றே பெயர். ஊரும் பங்கு, முதலும் பங்கு! ஊரின்றி முதலில்லை என்னும் அக்கழகத்தின் உயிர்க்கொள்கையை ஒரு தமிழ்ச்சொல் தன்னுள் அடக்கிவைத்திருத்தல் காண்க.

இரண்டாவது, பங்குத்தொகை. ஒரு பங்கின் விலை 5 தாலர். அதனை ஒருங்கே கட்ட இயலாதவர் கிழமைக்குப் பத்துக் காசாகக் கட்டலாம். அவ்வாறு கட்டினால் ஐம்பது கிழமையில் ஒரு பங்கு நிறைவுறும். ஓராண்டு தவறாமற் பத்துக் காசு கட்டியவன் தன் நாணயத்தை ஊரறிய மெய்ப்பித்தவனாகிறான். பின்னாளிற் கடன் கேட்கும்போது அவனுக்கு வேறு சான்றுத்தாள் எதற்கு?

மூன்றாவது, குரல். ஒருவர்க்கு ஒரு வாக்கு. நூறு பங்கு உடையவனுக்கும் ஒன்றே. ஒரு பங்கு உடையவனுக்கும் ஒன்றே. பங்கு நிறுவனங்களிற் பணம் வாக்களிக்கும். இங்கு ஆள் வாக்களிப்பான். கழகத்தின் உடைமையாளனும் வாடிக்கையாளனும் ஒருவனே.

நான்காவது, கடன் ஆயம். உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் கூடிக் கடன் வேண்டுகையை ஆராய்வர். யார் கேட்கின்றார் என்பதோடு எதற்குக் கேட்கின்றார் என்பதையும் வினவுவர். மாடு வாங்கவா, விதை வாங்கவா, பட்டறைக்குக் கருவி வாங்கவா, முன்னர்ப் பட்ட கொடுவட்டிக் கடனைத் தீர்க்கவா என்று பார்ப்பர். வீண்பகட்டுக்குக் கடனில்லை. கணக்கைச் சரிபார்க்க வேறோர் ஆயம் உண்டு. அவ்விரு ஆயத்தாரும் கழகத்தில் கடன் பெறுதல் ஆகாது என்பதும் தொடக்ககால ஒழுங்கு.

இந்நான்கும் சேர்ந்து செய்தது என்ன? தொலைவிலுள்ள வைப்பக அலுவலனுக்கு ஒரு கொல்லன் வெறும் பெயர். அடகு வைக்க நிலமில்லாத பெயர். ஆகவே கடன் இல்லை. வட்டிக்கடைக்காரனுக்கு அவன் இரை. ஆனால் ஊர்க்கழகத்துக்கு அவன் யார்? அவன் அடித்த கொழுவைக்கொண்டு உழுதவர்களே ஆயத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவன் குடிகாரனா, சொல் தவறாதவனா, நோயால் இடர்ப்பட்டவனா என்பதை அவர்கள் அறிவர். அவ்வறிவே அடமானம். அவனும் திருப்பித்தருவதில் தவறமாட்டான். ஏனெனில் தவறினால் இழப்பது முகமறியாத முதலாளியின் பணமன்று. அண்டைவீட்டுக் கைம்பெண்ணின் பத்துக் காசு. தமிழில் 'கடன்' என்னும் சொல் வாங்கிய பொருளையும் குறிக்கும், ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒன்றாகும் இடமே கூட்டுறவுக் கடன் கழகம்.

வீட்டினுள் காத்த பெண்மணி

தெசார்தான் ஆண்டின் பல திங்கள்களை ஒட்டாவாவிற் கழிக்க வேண்டியிருந்தது. அக்காலத்திற் பேழையைக் காத்தவர் யார்? அவர்தம் துணைவியார் தொரிமேன் அம்மையார். பத்து மக்களைப் பெற்ற தாய். வீட்டிலேயே கழகத்தின் அலுவல் நடந்தது. வருவோரை எதிர்கொண்டு, காசை எண்ணி, ஏட்டில் ஏற்றி, பூட்டிவைத்து, கணவர்க்கு மடல்வழி அனைத்தையும் அறிவித்தவர் அவரே. மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் முழு ஆளுமை 1964-ஆம் ஆண்டுவரை கெபெக்கில் இல்லை என்பதை நினைந்தால் இவ்வம்மையாரின் அருஞ்செயல் விளங்கும்.

அச்சமும் இல்லாமலில்லை. கழகத்திற்குச் சட்டப் பாதுகாப்பு அன்று ஏதுமில்லை. பணம் பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகிற்று. ஏதேனும் தீங்கு நேரின் ஊரார் பணத்துக்கு அக்குடும்பமே விடைகூற வேண்டும், வீடும் போகும். அவ்வச்சத்தோடு ஐந்தாண்டு நடத்தினர். 1906-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் கெபெக்கு மாநில அரசு கூட்டுறவுச் சட்டத்தை நிறைவேற்றியது. கனடா முழுமைக்குமான சட்டமொன்றை மக்களவை ஒருமனதாக ஏற்று அனுப்ப, மேலவை 1908-ஆம் ஆண்டில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அதனை வீழ்த்தியது. நடுவண் மன்றம் கைவிரித்தது. மாநிலச் சட்டமே கைகொடுத்தது. மொழிவழி மாநிலத்துக்கு ஆட்சியுரிமை எதற்கு என்று வினவுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

கணக்கேடு பேசிய மொழி

1920-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் தெசார்தான் மறைந்தபோது, கெபெக்கிலே நூற்றெண்பதுக்கு மேற்பட்ட மக்கள் பேழைகள் இருந்தன. அவற்றுட் பலவற்றை அவரே நேரிற் சென்று தொடங்கிவைத்தார். தம் பணியின் ஓய்வுநாள்களில் இருப்பூர்தியேறி ஊரூராய்ச் சென்றார். அத்தொண்டுக்கு ஊதியம் பெற்றாரில்லை.

பணத்தைக் காட்டிலும் பெரிதாக ஒன்று அவ்வூர்களில் நிகழ்ந்தது. ஒவ்வொரு பேழையிலும் கணக்கேடு பிரெஞ்சில் எழுதப்பட்டது. கடன்முறி பிரெஞ்சில் இருந்தது. ஆண்டுக்கூட்டம் பிரெஞ்சில் நடந்தது. வட்டி, ஈடு, இருப்பு, தேய்மானம், காப்புநிதி ஆகியவற்றுக்கெல்லாம் உழவனும் தச்சனும் தாய்மொழிச் சொற்களை வாயாற் சொல்லிப் பழகினர். வழிபாட்டுக்கும் குடும்பத்துக்குமே உரியதென ஒதுக்கப்பட்ட மொழி, முதலீட்டின் மொழியாயிற்று. வாழ்நாளெல்லாம் ஆங்கில மேற்பார்வையாளன்முன் தலைகுனிந்து நின்றவன், மாலையில் தன் ஊர்க்கழகத்தில் தலைவனாய் அமர்ந்து, ஐந்தொகையைப் படித்து, 'இது பிழை' என்று சுட்டிக்காட்டக் கற்றான். பள்ளியில் கிடைக்காத கல்வி அது.

மொழி காக்க இதழ் நடத்தலாம், மாநாடு கூட்டலாம், அவையும் வேண்டுவனவே. ஆனால் நாள்தோறும், உண்ணும் சோற்றோடு தொடர்புடைய செயலில் ஒரு மொழி வழங்கினாலன்றி அது நிலைபெறாது. புதுச்சொல் ஆக்குவோர் பலர்; ஆக்கிய சொல்லை வழங்குதற்கு இடம் ஆக்குவோர் சிலர். இலேவி ஊரார் இடத்தை ஆக்கினர். சொல் தானே வழங்கிற்று.

எல்லை கடந்த பேழை

ஆலைவேலைக்காக அமெரிக்காவுக்குப் போன பிரெஞ்சு மக்களையும் இவ்வியக்கம் மறக்கவில்லை. நியூ ஆம்சயர் மாநிலத்து மாஞ்செசுடர் நகரில், தூய மரியா பங்கின் பிரெஞ்சுத் தொழிலாளர்க்காக, பங்குத்தந்தையின் அழைப்பை ஏற்றுத் தெசார்தான் சென்றார். 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அங்கு அமைந்ததே அமெரிக்க ஒன்றியத்தின் முதற் கடன் கூட்டுறவுக் கழகம். மறு ஆண்டே மாசாச்சுசெட்சு மாநிலம் இயற்றிய சட்டத்துக்கும் அவர் அறிவுரை துணைநின்றது. அச்சட்டத்துக்குப் பாடுபட்டவருள் எட்வர்டு பைலீன் என்னும் வணிகரும் ஒருவர். அவர் 1907-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, சிற்றூர்க் கடன் கழகங்களைக் கண்டு மனங்கொண்டு சென்றவர். அமெரிக்க ஒன்றியம் முழுமைக்குமான சட்டத்தில் 1934-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு கையெழுத்திட்டார். வேலைதேடி ஓடிப்போன ஏழை மொழியினர் தாம் ஏந்திச்சென்ற பேழையால் ஒரு வல்லரசுக்கே வழிகாட்டினர்.

குறைகளும் கூறத்தக்கனவே

புகழ்மொழி மட்டும் பேசிப் போவது அறிவுடையோர்க்கு அழகன்று. கெபெக்குப் பேழைகளின் குறைகளையும் கூறுதல் வேண்டும்.

அறுபதாண்டு சேமித்த பின்னரும் அம்மக்கள் தம் நாட்டிலேயே தாழ்ந்திருந்தனர். 1961-ஆம் ஆண்டின் வருமானக் கணக்கை ஆராய்ந்த அரசு ஆணையம், கெபெக்கிலுள்ள பதினான்கு இனத்தாருள் பிரெஞ்சு வழியினர்க்குப் பன்னிரண்டாம் இடமே கிடைத்ததைக் காட்டிற்று. சேமிப்பு மட்டும் ஓரினத்தைத் தலைநிமிர்த்தாது என்பது இதனாற் புலனாகும். சிறுகாசு சேர்ந்து வீடு கட்டலாம். மின்னாக்கமும் ஆலையும் பெருவணிகமும் பிறர் கையிலிருந்தால் வீட்டு விளக்குக்கும் பிறரையே கேட்க வேண்டும். அதனையுணர்ந்தே 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் 'நம் வீட்டுக்கு நாமே தலைவர்' என்னும் முழக்கம் எழுந்தது. தனியார் மின் நிறுவனங்கள் மாநில உடைமையாயின. 1977-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தது. தொழிற்கூடத்திலும் கடைப்பலகையிலும் பிரெஞ்சு ஏறிற்று. பேழையில் கணக்கு எழுதிப் பழகிய மக்கள் இருந்தமையால் அச்சட்டம் வெறுந்தாளாகாமல் வேரூன்றிற்று. அடித்தளம் ஊர்க்கழகம், மேற்கட்டு மாநில ஆட்சியுரிமை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மாளிகை நில்லாது.

மற்றொரு குறை, வளர்ச்சியால் வந்தது. தெசார்தான் பெயர் தாங்கிய அவ்வியக்கத்தின் மொத்தச் சொத்து 2023-ஆம் ஆண்டு இறுதியில் 40,000 கோடித் தாலரைக் கடந்திருந்தது. தலைமையகம் இன்றும் இலேவியிலேயே உள்ளது. எனினும் ஒருகாலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த ஊர்ப்பேழைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இருநூறு அளவினவாய்ச் சுருங்கின. சிற்றூர்களிற் கிளைகள் மூடப்பட்டபோது ஊரார் வருந்தினர், எதிர்த்தும் குரல்கொடுத்தனர். 2019-ஆம் ஆண்டில் உள்ளிருந்த பணியாளர் ஒருவராலேயே உறுப்பினரின் தனிச்செய்திகள் வெளியே கசிந்தன. ஏறத்தாழ 97 இலக்கம் பேர் அதனாற் பாதிப்புற்றதாகப் பின்னர் நடந்த உசாவல் கண்டறிந்தது. அறிமுகம் அடமானமாக இருந்த இடத்தில் எண் அடமானமாக வந்து அமர்ந்ததன் விளைவு அது. ஊரைவிட்டுப் பங்கு விலகுமானால், பெயர் மட்டுமே மக்கள் பேழையாக எஞ்சும்.

தமிழகத்துக்கு உரிய பாடம்

இலேவிக்குச் சென்ற அதே இரைபைசன் வித்து, அதற்கு முன்னரே சென்னைக்கும் வந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். சென்னை மாகாண அலுவலர் பிரெடரிக்கு நிக்கல்சன் ஐரோப்பாவுக்குச் சென்று ஆய்ந்து, 1895, 1897 ஆண்டுகளில் இரு மடலமாக அறிக்கை அளித்தார். இரைபைசனை ஒத்த ஒருவரை மக்களிடையே கண்டறிக என்பதே அவ்வறிக்கையின் முடிந்த முடிபு. 1904-ஆம் ஆண்டு மார்ச்சில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர் கடன் கழகமும், காஞ்சிபுரத்தில் நகர வைப்பகமும் தோன்றின. கெபெக்குச் சட்டத்துக்கு இரண்டாண்டு முந்தியது இது!

முந்தியும் பிந்திப்போனது எதனால்? கெபெக்கில் கழகம் முதலில் பிறந்தது. சட்டம் ஐந்தாண்டுக்குப் பின் வந்து காத்தது. இங்கோ சட்டம் முதலில் வந்தது, பதிவாளர் வந்தார், அதன் பின்னர்க் கழகம் வந்தது. அங்கு மக்கள் தம் பேழையைச் செய்தனர். இங்கு அரசின் பேழைக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அதனாலேயே பல கழகங்கள் நெடுங்காலம் தேர்தலே இன்றித் தனி அலுவலர் கையில் இருந்தபோதும் ஊரார் கேள்வி கேட்கவில்லை. தம் வீட்டுக் கதவைப் பிறர் பூட்டினால் வினவுவர். அரசு அலுவலகத்தை அரசு பூட்டினால் யார் வினவுவர்?

ஆயினும் கைவிடத்தக்க நிலையன்று. இன்றைக்கும் தமிழகத்துச் சிற்றூர் உழவர் தம் தாய்மொழியில் கேட்டு, தம் தாய்மொழியில் கையெழுத்திட்டு, பயிர்க்கடனும் நகைக்கடனும் பெறக்கூடிய இடம் ஊர்க் கூட்டுறவுக் கழகமே. பெரிய வைப்பகத்தின் வாயிலில் ஊமையாய் நிற்பவர் அங்கு வாய்திறந்து பேசுகின்றார். அவ்விடத்தைக் காப்பது தமிழைக் காப்பதன் ஒரு கூறு. கூட்டுறவு, இந்திய அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள துறை. 2021-ஆம் ஆண்டு சூலையில் தில்லியிற் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் தோன்றியது. அதே திங்களில், மாநிலங்களின் ஒப்புதல் பெறாமற் கொண்டுவரப்பட்ட அரசமைப்புத் திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி மாநிலக் கழகங்களைக் கட்டாது என உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலக் கதவை முறைமன்றம் காத்தது. ஊர்க்கதவைக் காக்க வேண்டியவர் ஊராரே.

செய்யத்தக்கவை பெரியனவல்ல. ஊர்க்கழகத்தில் உறுப்பினராகாதவர் உறுப்பினராகுக. ஆனவர் பொதுப்பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது செல்க. ஐந்தொகையைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிக்க. புரியாத வரியைப் புரியும்வரை வினவுக. தேர்தல் நடத்தப்படாவிடின் ஏன் என்று எழுதிக் கேட்க. வாங்கிய கடனை நாள் தவறாது திருப்புக. தள்ளுபடியை எதிர்நோக்கியிருப்பவன் அண்டைவீட்டான் காசில் கைவைப்பவன் என்பதை உணர்க. பெண்டிரை உண்டியலுக்கு மட்டுமன்றி ஆயத்துக்கும் அனுப்புக. தொரிமேன் அம்மையார்கள் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். பிள்ளைகட்குப் பாட்டோடு வரவு செலவையும் தமிழில் எழுதப் பழக்குக.

பொருள் செயல்வகை என ஓரதிகாரம் வகுத்து, பொருளீட்டலை அறத்தின் நடுவே வைத்துக் காட்டியவர் திருவள்ளுவர். அவர் வழியினர் மொழிப்பற்றுக்கும் பணக்கணக்குக்கும் தொடர்பில்லை என்று இருத்தல் தகாது.

ஒரு பனிக்கால நாளில், ஓர் ஆற்றங்கரை ஊரில், ஒருவர் இட்ட பத்துக் காசு, அவ்வூரின் மொழியிலேயே ஏட்டில் பதியப்பட்டது. தமிழர் ஒவ்வொருவரும் தம் ஊர்க்கழகத்தின் ஏட்டைத் திறந்து பார்க்க. அங்குத் தம் பெயர் இருக்கின்றதா? தமிழில் இருக்கின்றதா? இல்லையெனில் நாளைக் காலையே சென்று எழுதுக!

வாழ்க தமிழ்! வளர்க ஒப்புரவு!